குற்றம் விளையாட்டிலா, உடம்பிலா, மனத்திலா? மது விளையாட்டில் நினைவை இழந்த மாணவிக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. தனியாக இருக்கும்போது மதுவைத் தொடுவதில்லை. தோழிகளோடு விருந்துக்குப் போனால் ஒரு கோப்பை, மிஞ்சினால் இரண்டு. ஆனால் யாராவது சீட்டுக்கட்டை எடுத்தாலோ, மேசையில் கோப்பைகளை அடுக்கினாலோ உங்கள் கணக்கு தவறிவிடுகிறது. போன மாதம் அப்படி ஒரு விளையாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் நடந்தது எதுவும் உங்களுக்கு நினைவில்லை. அந்த நேரம் முழுவதும் நீங்கள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தீர்கள் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அதே சுற்றில் அதே அளவு குடித்த பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குற்றம் விளையாட்டிலா, என் உடம்பிலா, என் மனத்திலா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: நான் குடிக்கு அடிமையாகிக்கொண்டிருக்கிறேனா, என்னை நானே நம்பலாமா என்பது. நான்கையும் எடுத்துக்கொள்கிறேன்.

பல்கலைக்கழக மாணவர் நல மையம் ஒன்றில் 17 ஆண்டுகளாக மது தொடர்பான ஆலோசனை அளித்து வருகிறேன். என்னிடம் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மாணவிகள். அவர்கள் எல்லோருமே ஏதோ ஒன்று நடந்த பிறகு வந்தவர்கள். விளையாடிவிட்டுச் சுகமாக அறைக்குத் திரும்பியவர்களை நான் சந்திப்பதில்லை. ஆகவே என் அனுபவம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். எழுத்தை மட்டும் வைத்து உங்கள் உடல்நிலையைக் கணிக்கவும் என்னால் முடியாது.

விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. சாதாரணமாக ஒருவர் குடிக்கும்போது அவர் அறியாமலேயே பல தடைகள் வேலை செய்கின்றன. ஒரு மிடறு விழுங்கிவிட்டுக் கோப்பையைக் கீழே வைக்கிறார். பேச்சு சுவாரசியமானால் கோப்பையை மறந்துவிடுகிறார். தலை லேசாகக் கனக்கும்போது போதும் என்று தோன்றுகிறது. எப்போது, எவ்வளவு, எவ்வளவு வேகமாக என்ற மூன்றையும் அவரே தீர்மானிக்கிறார். விளையாட்டு தொடங்கியதும் இந்த மூன்றும் அவர் கையைவிட்டுப் போய்விடுகின்றன. எப்போது என்பதைச் சீட்டோ பந்தோ முடிவு செய்கிறது. எவ்வளவு என்பதைக் கோப்பையை நிரப்பியவர் முடிவு செய்கிறார். வேகத்தைச் சுற்றி நின்று கைதட்டுபவர்கள் முடிவு செய்கிறார்கள். பீர் பாங் என்ற விளையாட்டில் எதிரணி எறியும் பந்து உங்கள் பக்கத்துக் கோப்பையில் விழுந்தால் நீங்கள் குடிக்க வேண்டும். ஃபிளிப் கப் என்ற அணி விளையாட்டில் உங்கள் கோப்பையை ஒரே மூச்சில் காலி செய்து, மேசை விளிம்பில் வைத்துச் சுண்டிக் கவிழ்த்தால்தான் அணியில் அடுத்தவர் தொடங்க முடியும். நீங்கள் தாமதித்தால் அணியே தோற்கும். பெரும்பாலான விளையாட்டுகளில் தோற்றவர் குடிக்க வேண்டும், குடித்தவரின் கை தடுமாறும், கை தடுமாறியவர் மீண்டும் தோற்பார். ஒரு முறை பின்தங்கியவரை மேலும் மேலும் குடிக்க வைக்கும்படியாகவே விதிகள் அமைந்திருக்கின்றன. இதில் சிக்கியவரைப் பார்த்து "உனக்கு மன உறுதி இல்லை" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. மன உறுதியைக் காட்டுவதற்கான இடத்தையே விதி எடுத்துக்கொண்டுவிடுகிறது.

என் அறையில் ஒரு ஜாடித் தண்ணீரும், ஒரு பெரிய பிளாஸ்டிக் கோப்பையும், மில்லிலிட்டர் கோடு போட்ட ஓர் அளவுக்குழாயும் எப்போதும் இருக்கும். "அன்று நீ குடித்த ஒரு கோப்பை எவ்வளவு இருக்கும், ஊற்றிக் காட்டு" என்பேன். ஊற்றுவார்கள். அதை அளவுக்குழாயில் மாற்றி ஊற்றும்போது கோடு ஏறிக்கொண்டே போவதை இருவரும் பார்ப்போம். 30 மில்லி என்று நினைத்து ஊற்றிய வோட்கா 55இல் நிற்கும், 70இல்கூட நிற்கும். "நான்கு கோப்பைதான் குடித்தேன்" என்று சொல்லி வந்தவர் அந்தக் குழாயைப் பார்த்துச் சிறிது நேரம் பேசாமல் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. கோப்பைகளைத்தான் எண்ணினார், அளவை எண்ணவில்லை. 250 மில்லி பீர் 5 சதவீதம் என்றாலும், 100 மில்லி ஒயின் 12 சதவீதம் என்றாலும், 30 மில்லி வோட்கா 40 சதவீதம் என்றாலும், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. பல நாடுகள் இதையே ஓர் அளவு என்று கொள்கின்றன. பிரிட்டனில் 8 கிராம், அமெரிக்காவில் 14 கிராம். விளையாட்டில் நடுவில் வைத்து எல்லோரும் தங்கள் பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் பொதுக் கோப்பையில் எத்தனை அளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து உங்கள் உடம்பு. பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற உங்கள் வியப்புக்கு இங்கே உறுதியான விடை உண்டு. ஆல்கஹால் கொழுப்பில் அதிகம் கலப்பதில்லை, உடம்பில் உள்ள நீரில்தான் பரவுகிறது. சராசரியாகப் பெண்ணின் உடல் எடையில் நீரின் பங்கு ஆணைவிடக் குறைவு. எரிக் விட்மார்க் என்ற சுவீடன் அறிவியலாளர் 1932இல் வெளியிட்ட கணக்கு முறையில் இந்த வேறுபாடு, உடல் எடையோடு பெருக்க வேண்டிய காரணிகளாக, ஆணுக்கு ஏறத்தாழ 0.68, பெண்ணுக்கு 0.55 என்று வருகிறது. இன்றும் தோராயமான கணக்குக்கு இதையே பயன்படுத்துகிறார்கள். 55 கிலோ எடையுள்ள ஒரு மாணவியும் 75 கிலோ எடையுள்ள ஒரு மாணவரும் ஒரே ஆட்டத்தில் தலா நான்கு அளவு, அதாவது 40 கிராம் ஆல்கஹால், வேகமாகக் குடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் எரித்துக் கழிப்பதைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன், அவளுடைய 100 மில்லி இரத்தத்தில் சுமார் 130 மில்லிகிராம் இருக்கும், அவனுடையதில் 80க்குச் சற்றுக் கீழே இருக்கும். இருவருக்கும் ஒரே எடை, 60 கிலோ, என்றால்கூட அவளுக்கு 120, அவனுக்கு 100 என்ற அளவில் வேறுபாடு நிற்கிறது. வாகனம் ஓட்டுவதற்குப் பல நாட்டுச் சட்டங்கள் விதித்திருக்கும் உச்சவரம்பு 50 அல்லது 80 என்பதை நினைத்துப் பார்த்தால் 130 எவ்வளவு என்பது புரியும். கல்லீரல் மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரைதான் குறைக்கும். காபி, குளிர்ந்த நீர்க் குளியல், நடை எதுவும் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. ஆகவே விளையாட்டின் விதி எல்லோருக்கும் ஒரே கோப்பையைக் கொடுத்தாலும், உங்கள் இரத்தத்துக்குப் போய்ச் சேர்வது அவர்களுடையதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலாக இருந்திருக்கலாம். இது உங்கள் பலவீனம் இல்லை. சமமான சுற்று சமமான அளவாக இருக்க முடியாது என்பதை விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

உடம்பைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் வேறு சில செய்திகள் இந்த அளவுக்கு உறுதியானவை அல்ல. பெண்களின் இரைப்பையில் ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதி குறைவு, அதனால்தான் போதை அதிகம் ஏறுகிறது என்பது 1990இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பிறகு எங்கும் பரவியது. பின்னர் வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வயது, குடித்த அளவு, வயிற்றில் உணவு இருந்ததா என்பவற்றைப் பொறுத்து அவை மாறின. மாதவிடாய்ச் சுழற்சியின் குறிப்பிட்ட நாட்களில் போதை வேகமாக ஏறும் என்பதற்கும் அதே நிலைதான். நீர்ப் பங்கின் வேறுபாடு ஒன்றே உங்களுக்கு நடந்ததை விளக்கப் போதுமானது. அதோடு உணவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் ஆல்கஹால் சிறுகுடலுக்கு விரைந்து போய் இரத்தத்தில் உடனே ஏறும் என்பதில் சந்தேகமே இல்லை. மாணவிகளிடம் நான் இதைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மதுவில் உள்ள கலோரியை ஈடுகட்டுவதற்காக அன்றைய இரவு உணவையோ, சில சமயம் அன்றைய நாள் முழு உணவையுமோ தவிர்த்துவிட்டு விருந்துக்கு வருபவர்கள் அவர்களில் கணிசமாக இருக்கிறார்கள். கேட்டால்தான் சொல்வார்கள், கேட்கும்போதும் தரையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். உங்களுக்கு அன்று அப்படி நேர்ந்திருந்தால் நினைவிழப்புக்கு அது ஒரு பெரிய காரணம்.

நினைவு மறைவு என்பது மயக்கத்திலிருந்து வேறுபட்டது. மயங்கியவர் விழுந்து கிடப்பார். நினைவு மறைந்தவர் நடப்பார், பேசுவார், பாட்டுக்கூடப் பாடுவார். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிதான் அப்போதைக்கு நடப்பதை நீடித்த நினைவாகப் பதிக்கிறது. இரத்தத்தில் ஆல்கஹால் அதிகமாகும்போது, அதைவிட முக்கியமாக அது வேகமாக ஏறும்போது, அந்தப் பதிவு நின்றுவிடுகிறது. பெரும்பாலும் 100 மில்லி இரத்தத்தில் 160 மில்லிகிராமை நெருங்கும்போது இது தொடங்குகிறது. வேகமும் வெறும் வயிறும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் அதற்குக் குறைவாகவும் நேரலாம். பதியாத நினைவு பிறகு திரும்பி வராது, எவ்வளவு யோசித்தாலும் தேடி எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது. டியூக் பல்கலைக்கழகத்தில் 772 மாணவர்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வாழ்நாளில் ஒரு தடவையேனும் மது அருந்தியிருந்தவர்களில் 51 சதவீதத்தினர் ஒரு முறையாவது இப்படி நினைவு மறைந்ததாகச் சொன்னார்கள். ஆண்கள் அதிகம் குடித்திருந்தும் நினைவு மறைவு இருபாலரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. உங்களுக்கு நேர்ந்தது அரிதான ஒன்று இல்லை. ஆனால் பலருக்கும் நேர்கிறது என்பதால் அதைச் சிறியதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நினைவு மறைவு அடிக்கடி நேர்பவர்களுக்குப் பிற்பாடு காயங்களும் விபத்துகளும் அதிகம் நேர்கின்றன என்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

விளையாட்டுதான் காரணமா, அல்லது ஏற்கெனவே அதிகம் குடிக்க விரும்புகிறவர்கள்தாம் விளையாட்டைத் தேடிப் போகிறார்களா என்று யாராவது உங்களைக் கேட்கலாம். நியாயமான கேள்விதான், துறையிலும் நெடுநாள் வாதம் நடந்தது. ஒரே நாளில் கேள்வித்தாளைக் கொடுத்து எடுக்கும் ஆய்வுகளால் இரண்டையும் பிரிக்க முடியாது. விளையாடுகிறவர்கள் சராசரியாக அதிகம் குடிப்பவர்கள் என்று மட்டுமே அவை காட்டும். ஒரே ஆளின் வெவ்வேறு இரவுகளை நாட்குறிப்புபோல் பதிவு செய்து ஒப்பிடும் ஆய்வுகள் இதைவிடப் பயனுள்ளவை. பொதுவாக அவற்றில், அதே நபர் விளையாடாத இரவைவிட விளையாடிய இரவில் அதிகம் குடிக்கிறார். இரண்டும் உண்மை என்பதே என் மதிப்பீடு: ஆளைப் பொறுத்த பங்கும் இருக்கிறது, விளையாட்டின் பங்கும் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விளையாட்டு இல்லாத இரவுகளில் ஒன்று, இரண்டோடு நிறுத்துகிறீர்கள் என்று. உங்கள் கேள்வியிலேயே இருக்கும் மிக வலுவான சான்று அது.

இனி மனம். மாணவிகள் ஏன் விளையாடுகிறார்கள் என்று கேட்டால் மது பிடிக்கும் என்ற பதில் அரிதாகவே வரும். புதிய இடம், தெரியாத முகங்கள், என்ன பேசுவதென்று தெரியாத தயக்கம். விளையாட்டில் யாரும் பேச்சைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, முறை வந்ததும் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது, தோற்றாலும் எல்லோரும் சிரிக்கிறார்கள். கூச்ச சுபாவமுள்ள ஒரு பெண்ணுக்கு அது எளிய வாசல். கல்வியாண்டின் முதல் வாரங்களில் என்னிடம் வருபவர்கள் கூடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த வாசலைத் தேடியதில் தவறு எதுவும் இல்லை. தோழமை வேண்டும் என்பது நோயும் இல்லை.

ஆனால் எல்லா விளையாட்டும் ஒன்றுபோல் இல்லை, பெண்களுக்கு அவற்றில் சில வேறு முகம் காட்டுகின்றன. "நெவர் ஹேவ் ஐ எவர்" என்ற பேச்சு விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தாம் செய்யாத ஒன்றைச் சொல்ல, அதைச் செய்திருப்பவர்கள் குடிக்க வேண்டும். இரண்டு சுற்றுக்குள் பேச்சு அந்தரங்கத்துக்குப் போய்விடும். குடித்தால் அது ஒப்புதல், குடிக்காவிட்டால் "நம்ப மாட்டோம்" என்ற கேலி. இதே விளையாட்டில் ஓர் ஆண் குடித்தால் அவனுக்குக் கிடைப்பது ஆரவாரம், ஒரு பெண் குடித்தால் அடுத்த வாரம் வரை பின்தொடரும் பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பயந்து பொய்யாகக் குடித்தவர்களையும், பொய்யாகக் குடிக்காமலிருந்து வதந்திக்கு ஆளானவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். சீட்டு விளையாட்டுகளில் யார் குடிக்க வேண்டும் என்று கைகாட்டும் உரிமை ஒருவருக்குக் கிடைக்கும் கட்டம் உண்டு. அந்தக் கை மீண்டும் மீண்டும் ஒரே பெண்ணை நோக்கிப் போனால் அது தற்செயல் என்று எண்ணாதீர்கள். விளையாடுவதற்கான நோக்கங்களை அளக்கும் ஆய்வுப் படிவங்களில், ஒருவரைப் போதையாக்கி அவரோடு பாலுறவு கொள்வது என்பது தனி நோக்கமாகவே இடம்பெற்றிருக்கிறது. அப்படி ஒரு நோக்கம் சிலருக்கு உண்டு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

"எல்லாப் பெண்களும் இப்படித்தான் குடிக்கிறார்கள்" என்று உங்களுக்குத் தோன்றினால், அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தம் சக மாணவர்கள் உண்மையில் குடிப்பதைவிட அதிகம் குடிப்பதாகவும், அதிகக் குடியை ஆதரிப்பதாகவும் மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள் என்று பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இலேயே காட்டினார்கள். அதன் பிறகு பல இடங்களில் இது உறுதியாகியிருக்கிறது. சத்தம் போடும் மேசைதான் கண்ணில் படுகிறது, அறையில் தூங்கப் போனவர்கள் படுவதில்லை. இந்தத் தவறான எண்ணத்தைச் சுவரொட்டி ஒட்டித் திருத்தினால் குடி குறையுமா என்பதில் மட்டும் ஆய்வு முடிவுகள் முரண்படுகின்றன. நானும் சுவரொட்டிகளை அதிகம் நம்புவதில்லை. உங்கள் கேள்விக்கு வந்த வேறு சில பதில்களில் இந்தக் காலத்துப் பெண்கள் கெட்டுவிட்டார்கள் என்ற தொனி இருந்தது. ஆண் பெண் இடைவெளி சுருங்கிவருவது உண்மையே: 2016இல் வெளியான, 68 ஆய்வுகளைத் தொகுத்த ஓர் ஆராய்ச்சியின்படி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களில் மது அருந்தும் வாய்ப்பு பெண்களைவிட ஆண்களுக்கு 2.2 மடங்கு, அந்த நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர்களில் 1.1 மடங்கு மட்டுமே. ஆனால் மது விளையாட்டு புதிதல்ல. ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்க மண்பாண்டம் ஒன்றில், கோப்பையில் எஞ்சிய ஒயினை இலக்கை நோக்கி வீசும் கோட்டபோஸ் என்ற விளையாட்டைப் பெண்கள் ஆடும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. பழிப்பதால் ஒரு மாணவியும் குறைவாகக் குடித்து நான் பார்த்ததில்லை. மறைவாகக் குடித்துப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நினைவில்லாத அந்த இரண்டு மணி நேரம் பற்றி உங்களுக்குள் ஓர் அச்சம் இருக்கலாம். இல்லையென்றால் நல்லது. இருந்தால், அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். அந்த நிலையில் இருக்கும் ஒருவரால் சம்மதம் தர முடியாது. அவரிடம் யாராவது எல்லை மீறியிருந்தால் முழுப் பொறுப்பும் மீறியவருடையது, குடித்த அளவு அதில் கடுகளவும் மாற்றாது. கடைசி உறவு நேர்ந்திருக்கக்கூடிய நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துச் செய்யும் கர்ப்பப் பரிசோதனையை நம்பலாம். பால்வினைத் தொற்றுப் பரிசோதனையும் இப்போது செய்துகொள்ளலாம். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இது நேற்று நடந்திருந்தால் இன்றே மருத்துவரிடம் போங்கள், ஏனென்றால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையும் விரைவாக எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். தினமும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் அதை விழுங்கிய மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், அன்றைய மாத்திரையை எடுக்காததாகவே கருதி இன்னொன்று எடுக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

இன்னொரு செய்தியை உங்கள் தோழிகளும் தெரிந்துகொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் முதலாமாண்டு மாணவி ஒருத்தி விளையாட்டு முடிந்ததும் அறைக்கு வந்து படுத்துவிட்டாள். "விடு, தூங்கினால் தெளிந்துவிடும்" என்றார்கள் உடன் வந்தவர்கள். அறைத்தோழிக்கு மனம் ஒப்பவில்லை. அவளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மல்லாந்துவிடாமல் இருக்கப் புத்தகப் பையை முதுகுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து, கைபேசியில் நொடியைப் பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணினாள். ஒரு நிமிடத்தில் ஏழு. மறுபடி எண்ணினாள், ஏழுதான். உதடு வெளிறியிருந்தது, கை சில்லிட்டிருந்தது. அவசர ஊர்தியை அழைத்தாள். அந்த மாணவி பிழைத்து, பட்டம் பெற்று, இன்று வேலையில் இருக்கிறாள். கடைசிக் கோப்பைக்குப் பிறகும் அரை மணி நேரமோ அதற்கு மேலோ இரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டே இருக்கும். வேகமாகக் குடித்தவருக்கு இது இன்னும் ஆபத்து. எழுப்பினால் எழாமை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைந்த மூச்சு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து நொடிக்கு மேல் இடைவெளி, நீலம் பாய்ந்த அல்லது சில்லிட்ட தோல், உணர்வில்லாமல் வாந்தி, வலிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. தண்டனைக்குப் பயந்து பலர் அழைக்கத் தயங்குகிறார்கள். இதற்காகவே கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல் மருத்துவ உதவி கேட்பவர்மீது நடவடிக்கை இல்லை என்ற விதியைக் கொண்டுவந்தது, பிறகு வேறு பல பல்கலைக்கழகங்களும் கொண்டுவந்தன. உங்கள் இடத்தில் அந்த விதி உண்டா என்று விடுதி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இல்லை என்றாலும் அழைக்கத்தான் வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், விளையாட்டிலிருந்து மதுவைப் பிரித்துவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஆடுங்கள், ஆனால் உங்கள் கோப்பையில் சோடாவோ எலுமிச்சை நீரோ இருக்கட்டும். "எனக்கு விளையாட வேண்டும், குடிக்க வேண்டாம்" என்று முதல் சுற்றுக்கு முன்பே சொல்லிவிட்டால் இரண்டு நிமிடக் கேலியோடு அது முடிந்துவிடும். நான்காவது சுற்றில் சொன்னால் முடியாது. காரணம் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் அதை உடைக்க ஒருவர் வருவார். சில மாணவிகள் சீட்டைக் கலைத்துப் போடும் பொறுப்பையோ, புள்ளி எழுதும் பொறுப்பையோ எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் நன்றாக வேலை செய்கிறது. குடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் விளையாட்டுக்கு வெளியே, உணவுக்குப் பின், நீங்களே ஊற்றிய கோப்பையில், முன்பே ஒரு தோழியிடம் சொல்லிவைத்த எண்ணிக்கையோடு குடியுங்கள். இப்படிப்பட்ட வழிகளைப் பின்பற்றுபவர்களுக்குத் தீங்கு குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தூக்க மாத்திரை, மன அழுத்தம் அல்லது வலிப்புக்கான மருந்து எடுப்பவராக இருந்தால் இந்த ஆலோசனை பொருந்தாது, உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். மதுவோடு ஊக்கபானம் கலப்பதையும் தவிருங்கள். காஃபீன் போதையைக் குறைக்காது, போதை ஏறியிருப்பது தெரியாமல் மட்டும் செய்யும்.

கடைசியாக அந்த நான்காவது கேள்வி. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவம் இருக்கிறது; மொத்தம் 40 புள்ளி, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. குடித்த இரவில் நடந்தது நினைவில்லாமல் போனதுண்டா என்பது அதில் ஒரு கேள்வி. அதன் முதல் மூன்று கேள்விகளை மட்டும் தனியாகப் பயன்படுத்தும்போது பெண்களுக்கு 3 புள்ளியே எச்சரிக்கை எல்லை. விளையாட்டு இரவுகள் மாதம் சில தடவை நேர்ந்தாலே அதைத் தொட்டுவிட முடியும். ஆகவே புள்ளி வந்ததும் பயப்பட வேண்டாம், பேசுவதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைத்தனத்துக்கான அடையாளங்கள் வேறு: தொடங்கினால் நிறுத்த முடியாமை, அதே போதைக்கு மேலும் மேலும் தேவைப்படுவது, காலையில் கைநடுக்கம், அதைத் தணிக்கக் குடிப்பது, படிப்பும் நட்பும் கெடுவது தெரிந்தும் தொடர்வது. நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. இவை உள்ள ஒருவர், குறிப்பாகத் தினமும் குடிப்பவர், மருத்துவத் துணையின்றித் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்பு வரக்கூடும்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் நல மையமோ ஆலோசகரோ இருந்தால் ஒரு முறை போய்வாருங்கள். மாணவர்களுக்காகவே வகுக்கப்பட்ட, ஒன்றிரண்டு சந்திப்பில் முடியும் சுருக்கமான ஆலோசனை முறைகளுக்கு 1990களிலிருந்தே நல்ல சான்று உண்டு. பலன் பெரியதல்ல, ஓராண்டில் மங்கவும் செய்கிறது, ஆனால் உண்மையான பலன். போகும்போது அந்த இரவைப் பற்றி ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், என்ன விளையாட்டு, எந்தக் கோப்பை, யார் ஊற்றினார்கள், கடைசியாக நினைவிருப்பது என்ன, மறுபடி நினைவு தொடங்குவது எங்கே. பேசத் தொடங்குவது கடினமாக இருந்தால் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டால் போதும்.